பெய்செனின் குதிகால்

வலது கணுக்கால் மடங்காமல் போன பிறகு பெய்சென் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

சாரிதாஸ் ரயில் சந்திப்பில் ஆண்கள் பேசுவதென்றால் குந்திக்கொண்டுதான் பேசுவார்கள். ஸ்டேஷன் சுவரோரம், பேருந்து நிற்கும் இடத்தில், இடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில், எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் புட்டம் குதிகாலைத் தொடும் அளவுக்கு இறங்கி, முழங்கைகளை முழங்கால் மேல் போட்டு, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார்கள். பெய்சென் மட்டும் அவர்கள் தலைக்கு மேலே நிற்பார். நிற்கிறவனிடம் யாரும் நீளமாகப் பேசுவதில்லை. எப்படியும் கிளம்பப் போகிறவன் என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். அவரும் கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

விருந்துகளிலும் அதே கதை. தாழ்ந்த மேசையைச் சுற்றிச் சம்மணமிட முடியாது. காலை நீட்டினால் பாதம் யாராவது ஒருவர் முகத்தைப் பார்க்கும். அது மரியாதை இல்லை. கதவோரம் நின்றபடியே தேநீர் குடித்தார். மைத்துனர் வீட்டு விருந்தில், வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி அவரைப் பரிமாறுகிறவர் என்று நினைத்துக் காலிக் கிண்ணத்தை நீட்டினாள். பெய்சென் வாங்கி, பால் கலந்து, ஊற்றிக் கொடுத்தார். வீடு வரும் வழியெல்லாம் மனைவி ஒரின்குல் இரண்டடி முன்னாலேயே நடந்தாள். வாசலில் பூட்டைத் திறக்கும்போதுதான் கேட்டாள்.

"விருந்துக்குப் போனீங்களா, வேலைக்குப் போனீங்களா?"

அவருடைய வேலை வேறு. கணுக்கால் போவதற்கு முன் அவர் சரக்கு வண்டிகளைப் பரிசோதிக்கிறவர். வண்டி யார்டுக்குள் வந்து நின்றதும் நீளப் பிடி போட்ட சுத்தியலோடு அதன் பக்கமாக நடப்பார். ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டி, சத்தத்தைக் கேட்பார். பிறகு ஜல்லியில் குந்தி, பெட்டியின் அடியை எட்டிப் பார்ப்பார். பிரேக் கட்டைகள், தொங்கும் கம்பிகள், எதிர்ப்பக்கத்து அச்சு. எழுந்து அடுத்த பெட்டி.

வீடு யார்டுக்கு எதிரே, பாப்லார் மரங்களுக்குப் பின்னால், ரயில்வே குடியிருப்பில். ஒரின்குலுக்குச் சமையலறையில் இருந்தபடியே கணவரின் சுத்தியலை அடையாளம் தெரியும். மற்றவர்கள் தட்டிக்கொண்டே போவார்கள். இவர் தட்டுவார்; பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்த நேரம் அவர் பெட்டிக்கு அடியில் குந்தியிருக்கிறார் என்று அர்த்தம். சாப்பாட்டை நின்றுகொண்டு முடிப்பவர், தூக்கத்தில்கூடக் காலை ஆட்டுபவர், குந்திவிட்டால் மட்டும் அவசரப்பட மாட்டார்.

ஓர் இலையுதிர் காலத்தில், திறந்த பெட்டி ஒன்றின் பக்கக் கதவு தாழ்ப்பாள் விட்டு, அத்தனை இரும்புக் கனத்தோடும் அவர் வலது பாதத்தில் விழுந்தது. தராஸ் மருத்துவமனையில் திருகாணி போட்டு எலும்பைச் சேர்த்தார்கள். நடக்க முடிந்தது, படி ஏற முடிந்தது. ஆனால் கணுக்கால் ஓரளவுக்கு மேல் முன்னால் மடங்கவில்லை. துருப்பிடித்த கீல் போல ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது.

அவரைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆணி, நட்டு, கையுறை, விளக்கு பேட்டரி எடுத்துக் கொடுக்கிற வேலை. உட்கார ஒரு முக்காலி இருந்தது. அதை அவர் மூலைக்குத் தள்ளிவிட்டு ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே நடந்தார். நட்டுகளை அளவு வாரியாக அடுக்கினார், பிடிக்காமல் கலைத்தார், மறுபடி அடுக்கினார். வெளியே சுத்தியல் சத்தம் கேட்கும். டண், டண், அடுத்த பெட்டி. கையுறை வாங்க வந்தவனிடம் சொல்வார்: "கேட்டியா? குனிஞ்சுகூடப் பாக்கல." வந்தவன் தலையாட்டிவிட்டுப் போவான். மறுநாள் அதே ஆளிடம் அதையே சொல்வார்.

திரும்ப வண்டிப் பக்கம் போக ஒரே வழி வசந்தத்தில் நடக்கும் உடற்பரிசோதனை. டாக்டர் நாடி பார்ப்பார், கண் பார்ப்பார். அதோடு யார்டுத் தலைவர் எர்கேபுலான் வைத்த ஒரு சோதனையும் உண்டு. வண்டி பக்கத்தில் ஜல்லியில் நின்று, கையில் சுத்தியலோடு முழுக்கக் குந்தி, எதிர்ப்பக்கத்து அச்சைப் பார்த்து, எதையும் பிடிக்காமல் எழ வேண்டும். முழங்கால் சரியில்லாத ஒருவர் முந்தைய குளிர்காலத்தில் எழுவதற்காகச் சக்கரத்தைப் பிடித்தபோது, வண்டி ஒரு முழம் நகர்ந்தது. அவருடைய விரல்களைப் பனியில் தேடி எடுத்தவர் எர்கேபுலான். அதனால் அந்த விதியைப் பற்றி அவரிடம் யாரும் வாதாடுவதில்லை. பெய்செனும் வாதாடவில்லை. வரும் வசந்தத்தில் முடியவில்லை என்றால் அவர் இடத்துக்கு வேறு ஆள். ஓய்வு பெறும் வரை நட்டு அடுக்க வேண்டியதுதான்.

விபத்து நடந்து ஒரு வருடம் ஆனபோது, குளிர்காலத் தொடக்கத்தில், அவர் கிம்மைத் தேடிப் போனார்.

கிம் கொதிகலன் அறையில் நெருப்புப் பார்ப்பவர். கொரியக் குடும்பம், பெய்செனின் வயதுதான். கொதிகலனுக்குப் பின்னால், அதன் வெக்கையிலேயே காயும் ஒரு நீள அறையில் ரயில்வேக்காரர்களின் பளுதூக்கும் கூடம். இளவயதில் இருவரும் ஒரே மேடையில் தூக்கியவர்கள். பெய்சென் ஒருமுறை மாகாணப் போட்டிக்குப் போய், வீறாப்பில் முதல் பளுவையே கனமாகக் கேட்டு, மூன்று தடவையும் விட்டுவிட்டு, பூஜ்யம் வாங்கி வந்தார். அந்தப் பக்கத்தில் பூஜ்யத்துக்கு வளைய ரொட்டி என்று பேர். அன்றைக்குக் கிம் கூடத்துக் கதவருகே ஆணி அடித்து ஒரு வளைய ரொட்டியை மாட்டினார். அது இன்னமும் தொங்குகிறது. அதே ரொட்டி இல்லை. எலி தின்னத் தின்ன கிம் புதிதாக மாட்டிக்கொண்டே இருக்கிறார்.

"ரொட்டி திங்க வந்தியா, பளு தூக்க வந்தியா?" என்றார் கிம்.

"குந்த வந்தேன்."

கிம் அவர் காலைப் பார்த்தார். "பூட்ஸைக் கழட்டு."

ஆழத்தை அளக்கக் கிம்மிடம் ஒரு வழி இருந்தது. பளுக் கம்பியில் மாட்டும் ரப்பர் தட்டு ஒன்றைப் படுக்கப் போட்டு, அதன் மேல் ஆறின தேநீர் தளும்பும் கிண்ணத்தை வைப்பார். அதற்கு முதுகு காட்டி நின்று குந்த வேண்டும். காற்சட்டை நனைந்தால் ஆழம் சரி. நனையாவிட்டால் இன்னும் இறங்கவில்லை. அந்தக் கூடத்தில் ஆழம் போதுமா என்று யாரும் கேட்பதில்லை. ஈரமா, காய்ஞ்சதா என்றுதான் கேட்பார்கள்.

பெய்சென் குந்தினார். தொடை தரைக்குச் சமமாக வருவதற்கு முன்பே கணுக்கால் நின்றுவிட்டது. அதற்கு மேல் இறங்கினால் மல்லாக்க விழ வேண்டும்.

"காஞ்சு கருவாடா இருக்கு," என்றார் கிம்.

மறுநாள் ஈரமானது. பெய்சென் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். கிம் செய்தித்தாளிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்தார். "இன்னொரு தடவை." பெய்சென் குந்தியபோது கீற்றை அவருடைய வலது குதிகாலுக்கு அடியில் செருகி, அப்படியே உருவி எடுத்தார். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. கிம் அதைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"கோதுமை விலை ஏறுதாம்."

"நனைஞ்சா நனைஞ்சதுதானே."

"குதிகாலைத் தூக்கிக்கிட்டு நனைக்கிறது ஒரு நனைப்பா? பெட்டிக்கு அடியில மூக்கால உழுவப் போறியா? கீழ இருக்கணும், குதிகால். ரெண்டும்."

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அங்கேதான். கணுக்காலை இழுத்துவிடும் பயிற்சி ஒன்றைக் கிம் காட்டினார். சுவரில் முழங்காலை முட்டுக் கொடுத்து நிறைய நேரம் நிற்க வேண்டும். பெய்செனால் நிற்க முடியவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, பிறகு அறையைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். தட்டுகளை எண்ணுவார். கொதிகலனின் முள்ளைப் போய்ப் பார்ப்பார். கிம்முக்கு எரிச்சல் வந்தது.

"உன்னை மெல்ல வளைக்க முடியாது. பளுவை வச்சுத்தான் அமுக்கணும்."

கம்பியைத் தரையிலிருந்து மார்புக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. அது பெய்செனுக்குத் தெரிந்த வேலை. தெரிந்தது உடம்பில் எங்கேயோ இருந்தது. கணுக்கால் மட்டும் அதை மறந்திருந்தது. முதுகை நேராக வைத்து, கம்பியைக் கால் எலும்போடு உரசினாற்போல் மேலே கொண்டுவந்து, முழங்காலைத் தாண்டியதும் இடுப்பால் ஒரு வெட்டு. கம்பி ஒரு கணம் எடையில்லாமல் மிதக்கும். அந்தக் கணத்தில் பாதங்கள் தரையை விட்டு, கொஞ்சம் அகலமாக, விரல்கள் வெளிப்பக்கம் திரும்பி இறங்க வேண்டும். முழங்கைகள் கம்பியைச் சுற்றி முன்னால் பாய்ந்து உயர வேண்டும். கம்பி தோள்களின் முன்பக்கம் படிய, ஆள் அடியில் போய் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும்.

இலேசான கம்பியில் பெய்சென் குந்தவே இல்லை. மார்பு வரை இழுத்து, முழங்காலை லேசாக மடக்கி, நின்றபடி வாங்கிக்கொண்டார். இன்னொன்று. அதுவும் நின்றபடி.

"பாதி வழியிலயே வாங்கிக்கிறே," என்றார் கிம்.

"வருதே, என்ன பண்ண."

"வராத மாதிரி பண்றேன்."

கிம் தட்டுகளைச் சேர்த்தார். கனமான கம்பி பெல்ட்டுக்கு மேல் வராது. அதற்கு மேல் ஆள்தான் இறங்கிப் போய்ச் சந்திக்க வேண்டும். பெய்சென் இழுத்தார், கம்பி பெல்ட் வரை வந்தது, அவர் காத்திருந்தார், அது விழுந்தது. கொதிகலன் அறையின் கண்ணாடிகள் அதிர்ந்தன. மறுபடி விழுந்தது. குளிர்காலம் முழுக்க விழுந்தது. இறங்கத் தொடங்கியதும் வலது கணுக்கால் குறுக்கே நின்றது. உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து, வலது முழங்கை முழங்காலில் இடித்தது. போட்டியில் முழங்கை முழங்காலைத் தொட்டால் சிவப்பு விளக்கு. கிம் விளக்குக்குப் பதிலாகத் தொண்டையைச் செருமினார்.

நடுவில் வீட்டில் ஒரு குழப்பம். தினமும் பெய்செனின் காற்சட்டை பின்பக்கம் நனைந்து, பனியில் விறைத்து, பலகை போல வீட்டுக்கு வந்தது. ஒரின்குல் அதை அடுப்பருகே காயப் போட்டாள். சில நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் படுக்கை விரிப்புக்கு அடியில் ரப்பர் துணி ஒன்று முளைத்தது. பெய்சென் அதைத் தூக்கிக் காட்டி என்ன இது என்றார்.

ஒரின்குல் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பயான் அப்பா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே. வயசானா வர்றதுதான். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

பெய்சென் ரப்பர் துணியை நாலாக மடித்தார். பிறகு சொன்னார்: "அது தேத்தண்ணி."

"சரி, தேத்தண்ணின்னே வச்சுப்போம்."

மகள் பயான் விடுமுறைக்கு வந்தபோதுதான் கிண்ணத்தின் கதை முழுதாகத் தெரிந்தது. அவள் அல்மாட்டியில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. வரைபடப் பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து வந்து, அப்பாவைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, முழங்காலை முன்னால் தள்ளச் சொன்னாள். இடது கால், பிறகு வலது கால். அவள் குனிந்து அளப்பதற்குள் பெய்சென் ஜன்னலுக்குப் போய்விட்டார். வண்டி ஒன்று வந்திருந்தது.

"கோகே, கொஞ்சம் நில்லுங்க." அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஒரு வருஷமா நிக்கத்தானே செய்றேன்."

அளந்து முடித்ததும் அவள் சொன்னாள்: "இது திருகாணி இருக்கிற இடம். கொஞ்சம்தான் வளையும், அதுக்கு மேல வளையாது. விட்டுடுங்க. காலை வளைக்க முடியலன்னா தரையைத் தூக்கிடலாம்."

பழைய கன்வேயர் பெல்ட்டின் ரப்பரை அறுத்து, குதிகால் பக்கம் தடித்து விரல் பக்கம் மெலியும் இரண்டு தக்கைகள் செய்தாள். வலதுக்கு மட்டும் போதாதா என்று ஒரின்குல் கேட்டாள். ஒன்றை மட்டும் உயர்த்தினால் இடுப்பு சாயும், இடுப்பு சாய்ந்தால் கம்பி சாயும் என்றாள் பயான். பூட்ஸுக்குள் ஒட்டிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாள். கிம் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளுதூக்குபவர்களின் காலணிக்கே மரக் குதிகால் உண்டுதானே. இதில் தப்பு ஒன்றும் இல்லை என்றார்.

அன்று மேடையில் கம்பி கனமாக இருந்தது. பெய்சென் அதைச் சுற்றி நடந்தார். கைகளில் சுண்ணப் பொடியைத் தேய்த்தார், ஊதினார், மறுபடி தேய்த்தார். கிம் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டார். குதிகாலைப் பார்க்க அதுதான் வசதி.

"சுத்தினது போதும். எடு."

எடுத்தார். கம்பி முழங்காலைத் தாண்டியது. இடுப்பு வெட்டியது. காத்திருக்கவில்லை. பாதங்கள் தட்டென்று இறங்கின, முழங்கைகள் முன்னால் பாய்ந்தன. கம்பி தோளில் விழவில்லை, படிந்தது. அவர் அடியில் இருந்தார். முழங்கால்கள் விரல்களின் பக்கமாகத் திறந்திருந்தன. முதுகு நேராக இருந்தது. மேலே அவ்வளவு எடை. ஆனாலும் அங்கே ஒன்றும் அவசரமாக இல்லை.

தரையிலிருந்து கிம்மின் குரல் வந்தது. "ஈரம்."

மார்ச் கடைசியில் பரிசோதனை. நாடி சரி, கண் சரி. பனி உருகி யார்டு முழுக்கச் சேறு. ஆறாவது பாதையில் ஒரு சரக்கு வண்டி நின்றது. டாக்டரம்மா மழைக்கோட்டோடும் எர்கேபுலான் தொப்பியோடும் வந்தார்கள். வேலை இல்லாத ஆட்கள் எதிர்ப் பாதையின் ஓரம், பெட்டிகளுக்கு அடியில் பார்க்கும்படி, வரிசையாகக் குந்திக்கொண்டார்கள், விதையோடு. கிம்மும் வந்திருந்தார். அவர் குந்தவில்லை, இரண்டு பெட்டிகளின் இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கைகளும் சட்டைப் பைக்குள் இருந்தன.

எர்கேபுலான் ஒருகாலத்தில் பெய்செனோடு சுத்தியல் பிடித்து நடந்தவர். கண்ணைப் பார்க்காமல், மூத்தவர்களை அழைக்கும் மரியாதைப் பெயரில் சொன்னார்: "பெய்செகே, நேரம் எடுத்துக்கோங்க. அவசரம் இல்ல."

அதுதான் வினையாயிற்று. பெய்சென் பெட்டியைப் பார்த்து நின்று, சுத்தியலைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, பெரிய மனிதர் போல மெல்ல இறங்கினார். தொடை சமமாக வந்தது. இன்னும் கொஞ்சம். கணுக்கால் நின்றது. அவர் மல்லாக்க விழுந்தார். சுத்தியல் தண்டவாளத்தில் மோதி ஒலித்தது.

விதை கொறிக்கும் சத்தம் நின்றது.

ஜல்லி சரிகிறது. தண்டவாளத்திலிருந்து வெளியே, மழைநீர் ஓடுவதற்காகச் சரிகிறது. பெட்டியைப் பார்த்து நின்றால் கால்விரல் மேட்டில், குதிகால் பள்ளத்தில். பயானின் தக்கை கொடுத்ததை அந்தச் சரிவு திருப்பி எடுத்துக்கொண்டது. பெய்சென் குளிர்காலம் முழுக்க மரப்பலகை மேடையில் குந்தியிருந்தார், மேடை சமம். பாதி வாழ்க்கை அந்தச் சரிவில் நடந்தவர், குந்தியவர். கணுக்கால் நன்றாக இருந்த வரை அது சரிவு என்றே அவருக்குத் தோன்றியதில்லை. கிம்மும் யோசிக்கவில்லை. அளந்தவளும் அறைத் தரையில்தான் அளந்தாள்.

டாக்டரம்மா கையை நீட்டினார். பெய்சென் அதைப் பிடிக்காமல் எழுந்தார்.

"எங்க விளையாட்டுல மூணு தடவை உண்டு," என்றார்.

"இது விளையாட்டு இல்ல, பெய்செகே," என்றார் எர்கேபுலான்.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மூன்று என்றால் மூன்று, ஆனால் சீக்கிரம் என்றார்.

இரண்டாவது தடவை அவர் உடம்பை முன்னால் வளைத்து இறங்கினார். இறங்கவும் முடிந்தது. அடியில் போனதும் ஜல்லி நழுவியது. கை தானாக எழுந்து சக்கரத்தைப் பிடித்தது. பிடித்ததை அவரே முதலில் பார்த்தார். எர்கேபுலான் அந்தக் கையின் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெய்சென் எழுந்து நடக்க ஆரம்பித்தார். பெட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை, அங்கிருந்து திரும்பி இந்த முனை. வரிசையில் குந்தியிருந்த ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், வளைய ரொட்டி வெந்துருச்சு போல என்றான். பெய்செனுக்குக் கேட்டது. கிடங்கு, முக்காலி, நட்டுகள். மாகாணப் போட்டியில் மூன்றாவது தடவைக்கு முன்னால் அவர் நடக்கவில்லை. சிலை மாதிரி நின்றிருந்தார். அதுவும் நினைவுக்கு வந்தது.

எதிர்ப் பக்கத்திலிருந்து கிம் கூப்பிட்டார். கத்தவில்லை.

"டேய். மெல்ல இறங்க உன்னை யாரு சொன்னா?"

பெய்சென் நின்றார். காலடியில் ஜல்லியைப் பார்த்தார். பூட்ஸால் பெரிய கற்களை ஒதுக்கினார். பிறகு பெட்டியை நெருங்கி, சுத்தியலை இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடிப்பது போலக் குறுக்கே பிடித்தார். முதுகை நேராக்கினார். இடுப்பு வெட்டியது, கையில் ஒரு பளுவும் இல்லாமலேயே வெட்டியது. பாதங்கள் ஜல்லியை விட்டன. அகலமாக, விரல்கள் வெளியே திரும்பி இறங்கின. மேட்டை நேரே பார்க்காமல் சரிவுக்குக் குறுக்காக இறங்கின. கற்கள் நொறுநொறுவென்று அமுங்கி நின்றன. முழங்கைகள் உயர்ந்தன. அதே வேகத்தில் சுத்தியலை முன்னால் நீட்டினார், சுத்தியலின் தலை பெட்டிக்கு அடியில் போகிற மாதிரி. முன்னால் பாரம் இருந்தால் ஆள் பின்னால் விழமாட்டான்.

விழவில்லை. தொடை முழங்காலுக்குக் கீழே போய், இன்னும் கீழே போய், கெண்டைக்காலில் உட்கார்ந்தது.

கிம் சேற்றில் படுத்துவிட்டார். நல்ல சட்டை போட்டிருந்தார். கன்னம் ஈர மண்ணில் பட, தண்டவாளங்களுக்கு ஊடாகக் குதிகால்களைப் பார்த்தார். இரண்டும் தரையில் இருந்தன. படுத்தபடியே தலையை ஆட்டினார்.

"போதும், பெய்செகே. எழுந்திருங்க," என்றார் எர்கேபுலான்.

பெய்சென் எழவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவர் பார்க்காத இடம் அது. கறுத்த கிரீஸ், பழைய பனியின் வாடை, பெட்டியின் அடி வழியாக எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பட்டையான வெளிச்சம். பிரேக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது, இருக்க வேண்டிய உயரத்தில். அச்சு. அதற்கு அப்பால் வரிசையாக ஆட்களின் பூட்ஸுகள். அவர் எல்லாவற்றையும் வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தார். பிறகு இடமிருந்து வலமாக.

"பெய்செகே."

"இருப்பா," என்றார் உள்ளேயிருந்து. "பாத்துக்கிட்டிருக்கேன்."

எழும்போது இடுப்பை முதலில் தூக்கவில்லை. மார்பு முதலில் வந்தது, முழங்கால்கள் திறந்தே இருந்தன. கை எதையும் தொடவில்லை. எர்கேபுலான் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடி போட்டுக்கொண்டார். பிரதான பாதை வேண்டாம், யார்டு வண்டிகள் மட்டும், அதுவும் பகல் முறை என்றார். அவர் குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி இருந்தது. பெய்சென் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அடுத்த பெட்டியின் சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கிம் எழுந்து சட்டையைத் துடைத்தார். பைக்குள்ளிருந்து கையை எடுத்தபோது அதில் ஒரு வளைய ரொட்டி இருந்தது. தோற்றால் கழுத்தில் மாட்டலாம் என்று கொண்டுவந்தாராம். கடித்துப் பார்த்தார். கல்லாக இருந்தது. பல் போச்சு என்று திட்டிக்கொண்டே அதை யார்டு நாய்க்கு எறிந்தார். நாய் முகர்ந்துவிட்டு விட்டுப் போய்விட்டது.

அன்று மதியத்துக்கு மேல் ஒரின்குல் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எதிரே ஒரு வண்டி வந்து நின்றது. டண், டண். பிறகு ஒன்றுமில்லை. அவள் கைகள் மாவுக்குள் நின்றன. காற்று, மரக்கிளை, எங்கோ ஓர் எஞ்சின். பிறகு அடுத்த பெட்டி. டண், டண். அவள் மறுபடி பிசைந்தாள்.

பெய்சென் அதன் பிறகு சில குளிர்காலங்கள் வண்டி பார்த்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் பாதங்கள் அகல, முழங்கை உயர, சுத்தியலை நீட்டி இறங்குவார். இளம் பரிசோதகர்கள், ஆகா, பளு எங்கே என்று கேட்பார்கள். பெட்டிதான் பளு, மேலதான் இருக்கு என்பார். விருந்துகளில் கடைசிவரை நின்றபடிதான் குடித்தார். ஸ்டேஷன் சுவரோரம் மட்டும் ஆட்களோடு குந்தினார். தட்டென்று இறங்கும்போது பக்கத்தில் இருப்பவன் திடுக்கிடுவான். ஒரு நவம்பரில் அவர் இதயம் நின்றது. வேலையில் இல்லை, வீட்டில், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே.

வண்டிகள் இன்னமும் வருகின்றன. வேறு யாரோ சுத்தியல் பிடிக்கிறார்கள். டண், டண், அடுத்த பெட்டி. டண், டண், அடுத்த பெட்டி. வெளியூரிலிருந்து வந்திருக்கும் பயான் ஜன்னல் வரை போகிறாள். அங்கிருந்து கதவு. அங்கிருந்து மறுபடி ஜன்னல்.

"உட்காரேன், பயான்," என்கிறாள் ஒரின்குல். தேநீர் ஊற்றிய கிண்ணம் மேசையில் ஆறிக்கொண்டிருக்கிறது.

"இரும்மா," என்கிறாள் பயான். "இந்த வண்டி போகட்டும்."